வெள்ளி, 1.24

முதலில் எங்களை அணைக்க வேண்டும்.
எஞ்சின். ஜெனரேட்டர். ஐஸ்பெட்டியின் மோட்டார்.
ரெனாட்டோவின் போன். என் செருப்பு.
ஷம்பே நங்கூரச் சங்கிலிக்குப் பழைய லுங்கியைச் சுற்றுகிறார்,
சளிப்பிடித்த பிள்ளைக்குக் கழுத்தில் துண்டு கட்டுவதுபோல.
அதற்குப் பிறகுதான் நீரில் இறக்குவோம்
கேட்கிற சாமானை.
உள்ளங்கை நீளம், கறுப்பு ரப்பர்,
என் ஓராண்டுச் சம்பளத்தைவிட விலை கூடுதல்.

ராஸ் அல் கைமா. இங்கே மலையை உடைத்துக்
கப்பலில் ஏற்றுகிறார்கள்.
சுண்ணாம்புக்கல் சரியும்போது கரையிலிருந்து
புழுதி மட்டும் தெரியும்.
பதினோரு மீட்டர் ஆழத்தில் அது
மாடிப்படியில் யாரோ உருட்டிவிட்ட இரும்பு பீரோ.
நாள் முழுக்க. படி முடிவதேயில்லை.

நான் நாமக்கல்காரன்.
கடலைப் பார்த்ததே இருபத்துமூன்று வயதில்.
ஆனாலும் லாரிப் பட்டறை பழக்கிய காது;
திரையில் கோடு விழுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்:
இது இழுவைப்படகு,
இதற்கு விசிறியில் ஓர் இலை வளைந்திருக்கிறது,
இது தூரத்து டேங்கர், வயிறு காலி.

தமிழில் கடல் இரங்கும்.
ஒலிப்பதற்கும் அழுவதற்கும் ஒரே வினையைக் கொடுத்துவிட்டுக்
கரையில் நின்றவர்கள் போய்விட்டார்கள்.
கருவிக்கு அந்தக் குழப்பம் கிடையாது.
இத்தனை டெசிபெல், ஒரு மைக்ரோபாஸ்கலை ஒப்பிட்டு.
முடிந்தது.

பின்னணி இரைச்சல் என்றால் என்ன என்று
ரெனாட்டோ ஒருநாள் கேட்டார்.
பெயர் தெரிந்ததையெல்லாம் கழித்தபின் மிஞ்சுவது, என்றேன்.
சிலிண்டர் வால்வைத் திருகிக்கொண்டே சொன்னார்:
எங்கள் கேம்ப் அறைதான்.
எட்டுப் பேர்.
ராத்திரி தூக்கத்தில் பேசியது யாரென்று
காலையில் ஒருவனும் ஒத்துக்கொள்ளமாட்டான்.

பதினான்கு நாள் கடலடியில் கிடந்த பெட்டியை
எடுத்துக் கழுவி, வரைபடம் போட்டால்
இரண்டு இடத்தில் பள்ளம்.
லிஸ்பனிலிருந்து டுவார்ட்டே கேட்கிறார், கருவி பழுதா?
பேட்டரியைப் பார்த்தேன். உள்ளே ஈரம் இறங்கியதா பார்த்தேன்.
கடைசியில் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்தேன்.

வெள்ளி. இரண்டும் வெள்ளி.
ஒரு மணியிலிருந்து ஒன்றே முக்கால் வரை
கன்வேயர் நிற்கிறது. பீரோ பாதிப் படியில் நிற்கிறது.
இழுவைப்படகு கட்டிக் கிடக்கிறது.
ஒன்பது டெசிபெல் வடிந்த கடலில்
சொடுக்கு இறால்கள்;
எண்ணெய் காயாமலே வெடிக்கிற கடுகு,
பாறைக்குப் பாறை, எண்ணி மாளாது.
அதற்கும் அடியில் ஒரு மீன்
துருப்பிடித்த கீல் மாதிரி உறுமுகிறது.
இதெல்லாம் திங்களும் இருந்திருக்கும். செவ்வாயும்.

இரண்டாம் வெள்ளி நாங்களும் அங்கே மிதந்துகொண்டிருந்தோம்.
1.24க்குப் பதிவில் ஒரு தட்டு, கனமானது.
உடனே ஒன்று, மெல்லியது.
கொஞ்சம் வெறுமை. மறுபடி மெல்லியது.
பிறகு முதலிலிருந்து எல்லாம் ஒருமுறை.
மூன்று தடவை ஓடவிட்ட பிறகே புரிந்தது.
ரெனாட்டோ அப்போது தூக்கம். நான் அசையவில்லை.
ஷம்பேயின் முழங்கால்.
ஷம்பேயின் நெற்றி.
ஃபைபர் பலகை வழியாக, தண்ணீர் வழியாக,
பெட்டிவரை.

விதியில் சந்தேகமில்லை.
அளக்கிறவனின் ஓசை அளவில் சேராது.
‘படகின் சுய இரைச்சல்’ என்று குறித்து
நான்கு நிமிடத்தை வெட்டினேன்.
சராசரியைத் திரும்ப ஓட்டினேன்.
இரண்டாம் தசமம்கூட நகரவில்லை.

டுவார்ட்டேவுக்கு எழுதினேன்: கருவி சரியாகத்தான் இருக்கிறது.
மூலங்கள் பட்டியலில், உறுமிய மீனுக்கு நேரே: தெரியவில்லை.

நாளையிலிருந்து ஷமால் காற்றாம், நான்கு நாள் வேலையில்லை.
ஷம்பே அந்த லுங்கியைத் துவைத்துப்
படகின் முகப்பில் காயப்போட்டிருக்கிறார்,
சங்கிலியின் துரு இன்னும் போகாமல்.